வீடியோவில் என் சிரிப்பு

செவ்வாய், இரவு.

எங்கள் தோட்டத்தில் உரம் தூவும் சின்ன விமானம் இன்று காலை செம்பனை மரங்களுக்குள் விழுந்துவிட்டது. விமானி இறந்துவிட்டார்.

மேலே ஏறியதும் அவர் இறக்கையைச் சாய்த்துக் காட்டுவார். கீழே லாரியில் பழக்குலை ஏற்றும் நாங்கள் கையாட்டுவோம். தினமும் நடக்கும் விளையாட்டு. இன்றும் விமானம் கிளம்பியதும் ஆடியது. மகளுக்குக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். "இன்னொரு தடவை ஆட்டுங்க லா!" என்று கத்திச் சிரித்தேன். என்ஜின் விக்கி விக்கி நின்றது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாலையில் விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் மணியண்ணன் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாராச்சும் வீடியோ எடுத்தீங்களா? என்ஜின் சத்தம் கேட்டா காரணம் தெரியுமாம். பைலட்டோட சம்சாரம் ஆபிஸ்லதான் உக்காந்திருக்காங்க, பாவம்."

"இல்லண்ணே," என்றேன்.

அந்த அம்மா என் சிரிப்பைக் கேட்கக் கூடாது என்றுதான் மறைத்தேன் என எழுதலாம். பொய். ஊர் என்னைக் காறித் துப்புமே என்ற பயம்தான்.

என் சிரிப்பை மட்டும் அழித்துக் கொடுத்துவிடலாமா என்று இப்போது பார்த்தேன். சிரிப்பு போனால் என்ஜின் சத்தமும் போய்விடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

பக்கத்து அறையிலிருந்து மகள் கேட்கிறாள்: "என்னப்பா, தனியா சிரிக்கிறீங்க?"