துக்கம் கேட்க வராதவன்

1931 ஆகஸ்டு 4, இராயபுரம்

அண்ணி பூவம்மா வந்திருந்தாள். என் மனைவி கெங்கம்மா செத்தபோது, இரண்டு தெரு தள்ளியிருந்தும், வராத கால்கள். ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் நான் தன்னை முதலில் கூப்பிடவில்லையாம், என் அண்ணன் எத்திராஜுக்கு அந்தக் கோபம். அதற்காகச் சாவுக்கே வரவில்லை. நாலு வருஷமாகப் பேச்சில்லை.

"தம்பி, உங்கண்ணன் கொருக்குப்பேட்டை தண்டவாளத்து மேல குந்திகினு இருந்தாரு. வூடு எங்க கீதுன்னு தெரியல அவருக்கு. எனக்கு வேற யாரு?"

கதவைச் சாத்தியிருக்கலாம். ஏன் சாத்தவில்லை?

ஆகஸ்டு 6

அண்ணனைப் பார்த்த டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். மூளை தேய்கிறது. மருந்தில்லை, கூடிக்கொண்டேதான் போகும். தனியே வெளியில் விடக்கூடாது, அடுப்படியிலும் விடக்கூடாது. பழகிய வேளைகளை மாற்றக்கூடாது. தெருக்காரர்களிடம் மறைக்கக்கூடாது.

"பைத்தியம்னு பேரு வெச்சிடுவாங்களே தம்பி?"

இன்னொன்றும் சொன்னார்: அவன் தப்பாகப் பேசினாலும் மறுத்துப் பேசக்கூடாது. என்னிடமா இது?

ஆகஸ்டு 7

முனைக்கடை தமீம் பாயிடம் நானே போய்ச் சொன்னேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"பேஜாரு படாத வாத்யாரே. இந்தப் பக்கம் வந்தா பீடி குட்த்து குந்த வெக்கிறேன். சமுத்திரத்தாண்ட போவ வுட்ருவேனா?"

அண்ணி, அண்ணன் சட்டைக்குள் விலாசம் எழுதிய துணியைத் தைக்கிறாள். எழுதிக் கொடுத்தது நான். என் வீட்டு விலாசத்தையும் கீழே சேர்த்தேன்.

ஆகஸ்டு 9

அண்ணி வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போக, அண்ணன் உள்ளே வந்தான். ஒன்றுமே நடக்காதவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வரதா, கெங்கம்மா எங்கடா? காபி போடச் சொல்லு."

"செத்துட்டாய்யா! நாலு வருஷமாச்சு! நீதான் வரலியே!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு ஏண்டா சொல்லியனுப்பல?"

சொல்லியனுப்பினேன், பாவி. ஆளை விட்டுச் சொல்லியனுப்பினேன். ஆனாலும் — நான் நாலு வருஷம் காத்திருந்த அழுகை இதுதான். நெஞ்சு நிறைந்தது. எழுதவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்டு 10

மறுபடி அதே கேள்வி. மறுபடி சொன்னேன். மறுபடி அழுதான். இன்று எனக்குக் கோபம்கூட இல்லை. வேண்டுமென்றே சொன்னேன்.

ஆகஸ்டு 11

அண்ணி சொன்னாள்: "ரா முச்சூடும் அழுதுகினு கீறாரு. எதுக்குன்னு கேட்டா, தெரியலங்கிறாரு. காரணம் மறந்துபூட்டுது தம்பி, அழுவ மட்டும் நிக்கல."

தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்டு 12

பள்ளி விட்டு வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அண்ணி ஓடிவந்தாள், அவள் கண்ணயர்ந்த நேரத்தில் கிளம்பிவிட்டானாம். தண்டவாளமா, கடலா? எந்தப் பக்கம் போவது? செருப்பில்லாமல் ஓடினேன்.

தமீம் பாய் கடையில், பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"தோ வந்துட்டாரு பாரு உன் தம்பி" என்றார் பாய்.

"வரதா, ஏண்டா மூச்சு வாங்குது? கெங்கம்மா எங்க? காபி போடச் சொல்லு."

பாய் என்னையே பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்காண்ணா. வா, நான் போட்டுத் தரேன்."

"நீயா?" என்று சிரித்தான். "அது போடற மாதிரி வராதுடா."

வராதுதான்.