செவ்வாய்ப் பனியும் ஒரு சுறாத் துண்டும்

ஜனவரி 12
நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கினால்தான் எங்கள் தலைவி ஹல்டோராவுக்கு அலுவலக ஞாபகம் வரும். "வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசு, ஸ்டெய்னுன். செவ்வாய் கிரகத்து வடதுருவப் பனி நகர்ந்திருக்குன்னு காட்டினா உன் ஆராய்ச்சி தொடரும். இல்லேன்னா பனிச்சரிவு எச்சரிக்கைப் பிரிவுக்குப் போயிடு." நான் மூக்குவரை மூழ்கிக்கொண்டேன்.

ஜனவரி 13
செயற்கைக்கோள் படத்தில் வில்லாக வளைந்த மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக! நகரும் பனி தள்ளிக் குவித்த மண் இப்படித்தான் கிடக்கும். இங்கே, எங்கள் வடகோடித் தீவில், எந்தப் பனியாற்றின் அடிவாரத்திலும் பார்க்கலாம். பக்கத்து மேசை தோர்கிரிம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் குளிர்ல பனி வெறும் கல்லு. உன் அலமாரி நகர்ந்தாலும் நகரும், அது நகராது." பந்தயம் கட்டினோம். தோற்றவர், பழங்காலச் சாப்பாடு போடும் குளிர்காலத் தோர்ரி விருந்தில், புளித்த சுறா தின்ன வேண்டும். எனக்கு அந்த வாடையே ஆகாது.

ஜனவரி 16
மானம் போயிற்று. பேச்சின் நடுவில் தோர்கிரிம் எழுந்து வந்து படத்தைத் தலைகீழாகத் திருப்பினான். என் மேடுகள் அத்தனையும் பள்ளங்களாகிவிட்டன. "வெயில் கீழேருந்து அடிக்குது, பாக்கலியா?" வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே கண் நம்பும், ஏமாறாதீர்கள் என்று வருடாவருடம் மாணவர்களுக்குச் சொல்வது யார்? நானேதான்! ஒரே சிரிப்பு. ஹல்டோரா திங்கள்வரை தவணை தந்தாள்.

ஜனவரி 17
உயர அளவுகளையும் பார்த்தேன். பள்ளம்தான். போச்சு.

ஜனவரி 18
ஆட்டுக்கறி சூப் கிண்டும்போது தோன்றியது — போன வசந்தத்தில் தோர்கிரிம் எதில் விழுந்தான்? பனியாற்றுப் பிளவில்! கயிறு போட்டு இழுத்தது நான். பனி நகர்ந்தால்தானே அப்படி வரிசையாக, வில்லாகப் பிளக்கும்? வெறும் குளிரில் வெடித்தால் கட்டங்கட்டமாக அல்லவா வெடிக்கும்? சூப் அடிப்பிடித்துவிட்டது. போகட்டும்.

ஜனவரி 19
"தோர்கிரிம் சொன்னதுதான் சரி. அது பள்ளம்தான்," என்று தொடங்கினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு பூரிப்பு. "நீ விழுந்தியே, அதே மாதிரி பள்ளம்."
"அடிப்பாவி! என் பள்ளத்தை வச்சே என்னைக் கவுத்துட்டியே!"
ஹல்டோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சரி, செவ்வாயிலேயே இரு."
கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான்.

ஜனவரி 23
விருந்து. தோர்கிரிம் முகம் கோணுவதைப் பார்க்க எதிரிலேயே உட்கார்ந்தேன். சுறாத் துண்டை வாயில் போட்டான், நிதானமாக மென்றான், விரலை நக்கினான். பிறகு என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டான்.
"சின்ன வயசிலேருந்து இதுன்னா எனக்கு உசுரு," என்றான். "அடுத்த பந்தயம் எப்போ?"