ஈரச் சாக்கில் சுற்றிய ஆற்றுவாழை

நிந்தவூர்
9.11.1984

அன்புள்ள மச்சான் மர்சூக்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். கட்டாரில் உங்களுக்கும் ஒரு குறையும் வராதிருக்க துஆச் செய்கிறோம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மழைக்கு முன்பே வயலை விதைத்துவிட்டோம்.

றாஹிலா ஆசிரியர் வேலையை விட வேண்டும் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை மூன்று நாளுக்கு முன் அவளிடம் கொடுத்தேன். அதற்கு முந்திய கிழமை நடந்த ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். தங்கச்சி என்பதற்காகப் புளுகுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஆற்றுவாழை நம் ஆறுகளையும் வாய்க்கால்களையும் மூடிக்கொண்டு வருவதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று இருபத்தெட்டு ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி வகுப்பு நடத்தினேன். அவளும் வந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் காட்டவென்று கிட்டங்கி ஆற்றுச் சேற்றில் இறங்கி ஆளுக்கொரு செடி பிடுங்கி வந்தேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வாடக்கூடாதென்று ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை.

பொதிகளைக் கொடுத்து முடித்ததும் றாஹிலா எழுந்தாள். வீட்டில் தங்கச்சிக்கு நான் காக்கா, வகுப்பில் சேர். "சேர், இது எங்கட குளத்துக்கு இன்னும் வரல்ல. நாமளே கையில கொண்டுபோய் விடுறதா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பத்து வருடமாக இதைப் படிப்பிக்கிறேன், இது என் மண்டையில் ஏறவில்லை. காரைதீவுப் பூபாலசிங்கம் மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். தன் பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பின்னேர வகுப்பை அவள்தான் நடத்தினாள். செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்துக் கொண்டுபோகும் விதத்தைக் காட்டினாள். புத்தகத்தில் உள்ள ஆகாயத்தாமரைதான் நம் ஆற்றுவாழை என்று முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் சோதினையில் சரியாக எழுதிவிட்டு, வீட்டுத் தொட்டியில் பூவுக்காக வளர்ப்பார்கள் என்றாள். நரைத்த தலை மாஸ்டர்மாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது மச்சான்.

உங்கள் கடிதத்தைப் படித்தவள் எதிர்த்து ஒன்றும் கதைக்கவில்லை. "அவர் சொன்னாச் சரிதான் காக்கா" என்று அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதி, கல்விக் கந்தோரில் கொடுக்கச் சொல்லித் தந்தாள். அது இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கந்தோர்ப் பெரியவர் லீவில் நிற்கிறார் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் "குடுத்தாச்சா?" என்று கேட்கிறாள். இல்லை என்றதும் அவள் முகம் தெளிவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உங்கள் பதில் வரும்வரை அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. உங்கள் உள்ளத்தை விசாலமாக்குவானாக.

வஸ்ஸலாம்.
உங்கள் மச்சான்,
ஜவுபர்