நீர்நாய்க்குக் காது கேட்காது

ஜூன் 3

இன்று ஒரு பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கினேன். ஜாக்கி இருந்தது என்பது உண்மை. அந்த ஜாக்கியை அழுத்தியது யார்? இரண்டு முன் சக்கரமும் மாற்றி வண்டி வெளியே போகும்போது டிரைவர் எனக்கு சல்யூட் அடித்தான். அடிக்கவில்லை, கையாட்டினான். எனக்கா, என் பின்னால் நின்ற வாட்ச்மேனுக்கா தெரியவில்லை. எனக்குத்தான்.

வீட்டில் டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது. மாப்பிள்ளை அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சி செத்த பிறகு அவர் சத்தம் வைப்பதே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. தங்கச்சி மகள் வாண்டு சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லாமலே தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது நல்ல பழக்கம்தான். எனக்கென்னவோ பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 5

பள்ளிக்கூடத்தில் வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை "நீங்க போயிட்டு வாங்க மச்சான்" என்றார். போனேன். டிப்போவில் டயர் பிரிவுக்கே நான்தான் தலைமை என்று டீச்சரிடம் சொல்லிவைத்தேன். (பிரிவில் இரண்டு பேர். நான் மூத்தவன்.)

"அம்மா போனதுலேருந்து அழவே இல்ல சார் அவ. அம்மா பேச்சை எடுத்தா பென்சில் சீவப் போயிடறா. இப்படியே விட்டா உள்ளுக்குள்ள இறுகிடும். வீட்டுல யாராவது உட்கார்ந்து பேசுங்க."

பேச்சுக்கு என்னை விட்டால் ஆள் உண்டா? அண்ணன் வாயைத் திறந்தால் பஞ்சர் டயர்கூடக் காற்றுப் பிடித்துக்கொள்ளும் என்று தங்கச்சி சொல்லுவாள். வாண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பென்சில் சீவியாச்சா என்று கேட்டேன். "சீவிட்டேன் மாமா" என்றாள்.

ஜூன் 6

அலமாரியில் தங்கச்சி வாசித்துக் காட்டிய புத்தகங்கள். ஆற்றங்கரை மிருகங்களின் கதை, பத்துப் பாகம். முள்ளம்பன்றி சமையல்காரன். கீரி தூதன். மரநாய் எதிரி. நீர்நாய் ஒருத்தி, படகு ஓட்டுகிறவள். ஒவ்வொன்றுக்கும் தங்கச்சி ஒரு குரல் வைத்திருந்தாள். கீரிக்கு மூக்கால் பேசுவாள். பீற்றிக்கொள்ளும் முள்ளம்பன்றிக்கு என் குரல். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நானே பீற்றுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீர்நாய்க்கு மட்டும் குரல் மாற்ற மாட்டாள். "இவளுக்கு என் தொண்டையே போதும்ணே" என்பாள்.

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அடையாளம். அப்படியானால் ஏழிலிருந்து நான். எட்டாம் வகுப்பு வரை போனவன் ஏழாம் பாகத்துக்குப் பயப்படுவதா?

ஜூன் 7

வாசித்தேன். அபாரம். இரண்டு இடத்தில் வார்த்தை நீளமாக இருந்தது, தாண்டிவிட்டேன். தாண்டிய இடத்தில் மரநாய்க்கு ஒரு கல்யாணம் வைத்தேன். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது. வாண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

ஜூன் 11

சாயங்காலம் வாசிக்கும்போது தடுமாறக் கூடாதென்று, சாப்பாட்டு நேரத்தில் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து முன்கூட்டியே படித்துப் பழகுகிறேன். புரியாத இடத்துக்கு, டிப்போவில் பஸ் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் அம்மாவிடம் போவேன். இன்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். வெள்ளத்தில் மாட்டிய முயல் குட்டிகளை மீட்க நீர்நாய் போகிறாள்.

"வெள்ளம் வடிந்தது. படகு வந்தது. நீர்நாய் வரவில்லை."

அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கம் கிடையாது. டைம்கீப்பர் அம்மா புத்தகத்தை மூடினார். "பாவி, பச்சப்புள்ளைங்க புஸ்தகத்துலயா இப்படி எழுதுவான்?" பிறகு என்னைப் பார்த்து, "இதையா அந்தப் பொண்ணுகிட்ட படிக்கப் போற?" என்றார். இரண்டு பஸ் தாமதமாகக் கிளம்பியது. பழி என்மேல்.

சாயங்காலம் வாசித்தேன். படகு வந்தது. நீர்நாய் வந்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் மாற்றினேன்.

ஜூன் 15

ஒரு வார்த்தை என்று நினைத்தது தப்பு. செத்தவளை உயிரோடு வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கூட்டம் நடக்கிறது, நீர்நாயை ஒரு மூலையில் உட்கார வைக்கிறேன். விருந்து நடக்கிறது, அவளுக்கும் ஒரு தட்டு போடுகிறேன். ஆனால் புத்தகத்தில் யாரும் அவளோடு பேசுவதாக இல்லை. எப்படிப் பேசுவார்கள்?

"ஏன் மாமா யாருமே அவகிட்ட பேச மாட்டேங்கறாங்க?"

"வெள்ளத்துல காதுல தண்ணி போயிடுச்சு. காது கேக்காது."

"அப்ப அவ பேசலாம்ல? வாய் இருக்குல்ல?"

நல்ல கேள்விதான் கேட்டாள். தொண்டையும் கட்டிவிட்டது என்றேன்.

ஜூன் 19

தங்கச்சி அறை பூட்டியே கிடக்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. என் பைக்கு எப்படி வந்தது?

ஜூன் 21

எட்டாம் பாகம். நீர்நாயின் துடுப்பைச் சமையலறைச் சுவரில் மாட்டிவைக்கிறார்கள். ஏன் என்று வாண்டு கேட்டாள். புதுத் துடுப்பு வாங்கிவிட்டாள், பழையது சும்மா கிடக்கிறது என்றேன். ஆற்றங்கரைக்கே இல்லாத உசத்தித் துடுப்பு, வெள்ளிப் பூண் போட்டது என்று அரை மணி நேரம் அளந்தேன். வாண்டு "ம்" கொட்டினாள்.

டைம்கீப்பர் அம்மா கேட்டார். "எத்தனை நாளைக்குய்யா ஓட்டுவ?" பத்தாம் பாகம் வரைக்கும் என்றேன். "அதுக்கப்பறம்?"

ஒரு டயரின் நட்டை முறுக்காமலே விட்டுவிட்டேன் இன்று. போர்மேன் பார்த்துவிட்டார். என் இருபது வருஷத்தில் இது நடந்ததில்லை. நடந்தது, ஒரு தரம். ஆனாலும் திட்டு உறைக்கவில்லை. யாரையோ திட்டுவதுபோல இருந்தது.

ஜூன் 24

சோறு. டி.வி. புத்தகம். எட்டாம் பாகம் முடியவில்லை.

ஜூன் 28

முள்ளம்பன்றி விருந்து சமைக்கிறான், நீர்நாய் மூலையில் இருக்கிறாள், எல்லாரும் அவளைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். வாண்டு புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"நிறுத்து மாமா. நீர்நாய் ஏழுலயே செத்துப் போயிட்டா."

"யாரு சொன்னா? டைம்கீப்பரா?"

"அது யாரு? அம்மாவும் நானும் ஏழு முடிச்சுட்டோம். அந்த டிக்கெட்டு அம்மா சும்மா சொருகினது."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானேடி?"

"நீ ஆரம்பிச்சுட்ட. வந்துட்டான்னு நீ சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு." நகத்தைச் சுரண்டினாள். "ஆனா கூடவே வச்சுக்கிட்டு யாரும் பேசலன்னா, அது இன்னும் பாவம் மாமா."

அம்மா அந்த இடத்தை எப்படி வாசித்தாள் என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கறபடியேதான். அப்பறம் போய்த் தண்ணி குடிச்சாங்க. வந்து மிச்சத்தைப் படிச்சாங்க."

ஜூன் 29

சாவியைப் போட்டுத் தங்கச்சி அறையைத் திறந்தேன். ஜன்னலையும் திறந்தேன். தலையணை உறையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. வாண்டு ஏழாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில், அம்மா வாசிக்கும்போது எப்போதும் எங்கே உட்காருவாளோ அங்கே உட்கார்ந்தாள்.

வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். வெள்ளம் வடிந்தது. படகு வந்தது. நீர்நாய் வரவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். "ஓயாமல் பேசும் முள்ளம்பன்றி அன்று அடுப்பை மட்டும் பற்றவைத்தான்."

"அடுத்த பக்கத்துல பேசுவான்," என்றாள் வாண்டு. "அம்மா மாதிரி படி."

அம்மா மாதிரி என்றால் என் மாதிரி. என் குரல்தானே என்று முயன்றேன். வரவில்லை. "இல்ல மாமா, இன்னும் பெருமையா." மறுபடியும் வரவில்லை.

அப்போது கதவருகிலிருந்து, "இந்த ஆத்தங்கரையில எனக்கு நிகரா சோறாக்க எவன் இருக்கான்?" என்று என் குரல் கேட்டது. அதே இழுப்பு, முடிவில் அதே செருமல். மாப்பிள்ளை. டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே இத்தனை பாகத்தையும் அவர் கேட்டிருக்கிறார். அவர் வாயில் என் குரல் வந்தது. என் குரல் என்றால் அவள் குரல்.

வாண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் மாறிப்போய் அழுகையானது. மாப்பிள்ளை உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

ஜூலை 1

மூன்று டயர் மாற்றினேன். மூன்றுதான். சாயங்காலம் எட்டாம் பாகம், முதல் பக்கத்திலிருந்து.