உன் இலையில் எதை வைப்பது

அக்கா,

இன்று காலையும் அடுப்படியில் சீரகத் தண்ணீர் கொதிக்கிற வாசம். நான் இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நீ இருந்தவரை, விடியுமுன் அடுத்த தெருவிலிருந்து வந்துவிடுவாய். இருவரும் நின்றபடியே ஆளுக்கொரு தம்ளர் குடிப்போம். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, நான் அந்தத் தண்ணீரை விட்டும் சில மாதங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதோ என்று ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றும் கருவாட்டு வாசமும்தான். சாத்தினால் மறுபடி சீரகம்.

முதலில் பயந்தேன். இப்போதெல்லாம் கோபம் வருகிறது. செத்தும் கொடுத்தவரைப் பற்றி நம் பக்கத்தில் பழமொழி உண்டு. செத்தும் பட்டினி போட்டவள் நீ ஒருத்திதான்.

எல்லாம் அந்தப் பரமக்குடி அம்மாளிலிருந்து தொடங்கியது. உன்னைப் பெண் பார்க்க வந்தவள், "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பிறகு வந்த அத்தான் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. ஆனாலும் அந்த அம்மாள் உன் கூடவே குடித்தனம் வந்துவிட்டாள்.

ஒரு மாதம் கஞ்சி, ஒரு மாதம் வெறும் பழம், பிறகு மொபைலில் யாரோ சொன்னார்கள் என்று சோறே இல்லாத சாப்பாடு. நானும் உன் பின்னாலேயே வந்தேன். கல்யாணப் பந்தியில் சோற்றின் மேல் அப்பளத்தைக் கவிழ்த்து, சாப்பிட்டு முடித்த மாதிரி எழுந்துவிடுகிற வித்தை நம் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. "பசிச்சா பயப்படாதடி. உள்ள கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்" என்பாய். சொல்லும்போது உன் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் அது வேண்டியிருந்தது.

நீ போனது மூளைக்காய்ச்சலில். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். நம்புகிறேன்.

வருஷப் படையலன்றுதான் சிக்கல் வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். கறியோ மீனோ, இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும். அம்மா காலையிலேயே கேட்டாள்.

"அவளுக்கு என்னத்தடி வைக்க?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஓட்ஸ்தான் குடிப்பா அத்தை. வெள்ளரிக்கா சாப்புடுவா."

"நல்லாருக்கு மாப்ள. காக்காய்க்கு ஓட்ஸ் கஞ்சியா ஊத்துறது?" அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "சின்னப்புள்ளைல பணியாரம் கேட்டு அழுவா. இல்ல, அது இவளுல்ல?"

என்னைத்தான் சொன்னாள். எனக்கும் அது நினைவில்லை.

கடைசியில் முற்றத்து இலையில் சோறு, கறி, மீன் குழம்பு, வடை, அப்பளம், பாயசம் என்று எல்லாவற்றையும் வைத்தோம். ஓரத்தில் நாலு வெள்ளரித் துண்டும். நம் மண்டபம் ஊர்க் காக்காய்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? ஏலத்துக்குக் கொட்டிய மீனையே கொத்திக்கொண்டு போகிறவை. அன்று மதில் நெடுக வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை. காற்றும் நின்றிருந்தது.

வெகுநேரம் கழித்து ஒன்று மட்டும் இறங்கியது. இலையைச் சுற்றி நடந்தது. ஒரு பருக்கையைக் கொத்தி இலைக்கு வெளியே வைத்தது. பிறகு அப்பளத்தை அலகால் இழுத்து, சோற்றின் மேல் போட்டுவிட்டு, மதிலுக்குத் திரும்பிப் போய் என்னைப் பார்த்தது.

"என்னடி இது" என்றாள் அம்மா.

காக்காய் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. மத்தியானம் சாய்ந்தது. அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வயிறு காந்தியது. அந்தக் காந்தலுக்கு நடுவே மெல்ல ஒரு சந்தோஷம் எழுந்தது. அது என்னுடையதில்லை, அக்கா. எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது என் மகள் வந்து முந்தானையைப் பிடித்தாள். "பசிக்கிதும்மா."

"பசிச்சா பயப்படாதடி. உள்ள..."

என் வாய்தான் சொன்னது. ஆனால் அம்மா வாசல் பக்கம் திரும்பினாள். அத்தான் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "இப்பப் பேசுனது யாரு?" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை விட்டாள். அவள் கை விலகியதைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

எழுந்து போய்த் தட்டை எடுத்தேன். அவளுக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன். எனக்கும் போட்டுக்கொண்டேன்.

"காக்கா இன்னும் எடுக்கலையேடி."

"அதுக்குப் பசிக்கலம்மா. எங்களுக்குப் பசிக்கிது."

இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா என் தட்டின் முன் குனிந்து, "இன்னும் என்னடி வைக்க? உனக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டாள். ஒரு பதார்த்தமும் நினைவுக்கு வரவில்லை. நாளை என் இலை முன்னாலும் இவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று தோன்றியது. உன் நினைவில் அழாதவள், சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அழுதேன்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். உளுந்தங்களி பிடிக்கவில்லை, ஊரே புகழ்ந்தாலும். பரோட்டா சால்னாவில் நன்றாக ஊறினால் பிடிக்கிறது. நண்டு என்றால் உயிர். சில நாள் தட்டு முன் உட்கார்ந்ததும் இதில் எவ்வளவு கொழுப்பு என்று கணக்குப் போட மனசு ஓடும். அதைத் திட்டித் திருப்பிக் கூட்டிவர நேரமாகும். ஆறிய சோற்றையாவது தின்றுவிட்டுத்தான் எழுகிறேன்.

போன வாரம் நண்டு உடைத்துக்கொண்டிருக்கும்போது மகளிடம் சொன்னேன், எனக்கு இலை போடுகிற காலத்தில் யோசித்துக்கொண்டு நிற்காதே, இதை வை என்று.

"நெறைய வைப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் ஓட்டைச் சப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பெரியம்மாவுக்கு?"

பிறந்ததிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்குத் தெரியவில்லை, அக்கா. அவள் தட்டில் இன்னொரு நண்டை வைத்தேன்.