மூன்று குண்டும் ஜாம் பாட்டில் மூடியும்

சாலிஸ், ஐடஹோ
ஆகஸ்ட் 9

அன்புள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று நூறு கஜத்தில் அட்டைப் பெட்டி வைத்து மூன்று சுட்டேன். ஒன்று பெட்டியில். ஒன்று பெட்டியைத் தாங்கிய கம்பத்தில். மூன்றாவது எந்த ஊரில் விழுந்ததோ, இன்னும் யாரும் புகார் தரவில்லை.

முழங்கால் வலிக்கு இதமாக இருக்குமென்று விளக்குமாறு கனத்தில் துப்பாக்கி வாங்கினேன். சுடுவதும் விளக்குமாறு மாதிரியே சுடுகிறது.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். போன வருடம் நான் வயிற்றில் சுட்டுத் தவறவிட்ட எல்க் மானை மறக்கவில்லை மச்சான். காக்கைக் கூட்டத்தைப் பார்த்து நீ கண்டுபிடித்தபோது புழு நெளிந்துகொண்டிருந்தது. "இனி ஒங்கூட மல ஏறுனா என்னைய செருப்பால அடி" என்றாய். அந்த நாற்றமும் அந்தப் பேச்சும் இன்னும் போகவில்லை. நீ இல்லாத அக்டோபர் வேட்டைக் காலத்தில் நான் என்ன செய்ய? உன் தங்கை நெடாவோடு சீட்டாடவா? அவள் கள்ளாட்டம் உனக்கே தெரியும்.

இந்தச் சனியனை நேராகச் சுட வைக்க வழி சொல்.

உன் மாப்பிள்ளை,
ஹோய்ட்


லெடோர்
ஆகஸ்ட் 20

ஹோய்ட்டுக்கு,

நாற்றத்தைப் பற்றி நீ பேசாதே. அந்த மான் பாதி அழுகி, பாதி உயிரோடு எத்தனை நாள் கிடந்ததோ. அதற்குப் பிறகு எனக்குக் கறி இறங்கவில்லை.

இலேசான துப்பாக்கிக்குக் குழாய் மெல்லிசு. ஒன்று சுட்டதுமே சூடேறி அடுத்த குண்டு விலகும். தொட்டால் குளிரும்வரை காத்திரு. குழாய்க்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே காகிதத்தை ஓட்டிப் பார். சிக்கும் இடத்தில் கட்டையைத் தேய். குழாயின் அடிப்பக்க இரும்பு உட்காரும் கட்டைக் குழியில் பிசின் ஊற்றி, ஆடாமல் உட்கார வை. முதலில் இரும்பு முழுக்க ஷூ பாலிஷ் பூசு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

நூறு கஜத்தில் சுட்ட மூன்று குண்டின் ஓட்டையும் ஒரு ஜாம் பாட்டில் மூடிக்குள் அடங்கும் குறித்தாளை அனுப்பு. அதுவரை என் லாயத்துப் பக்கம் வராதே.

டெல்பர்ட்


சாலிஸ்
செப்டம்பர் 28

அன்புள்ள மச்சானுக்கு,

கட்டையைத் தேய்த்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் குழாயைத் தொப்பியால் விசிறிக்கொண்டு காத்திருந்தேன். நெடா பார்த்துவிட்டு, "சுடுற நேரத்தவிட விசிறுற நேரந்தான் அதிகம். எனக்கு ஒருநாளாவது விசிறியிருக்கீங்களா?" என்றாள்.

பிசினும் ஊற்றினேன். திருகாணித் துளைக்கு மட்டும் பாலிஷ் பூச மறந்துபோனேன். இப்போது இரும்பும் கட்டையும் பிரியாத தம்பதி. "ஐஸ்பெட்டில வைய்யி, தானா விட்டுரும்" என்றான் துப்பாக்கிக் கடைக்காரன். விடவில்லை. நெடாவின் பழங்களெல்லாம் பாலிஷ் நாற்றம். மூன்று நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

ஒட்டியபடியே கொண்டுபோய்ச் சுட்டேன். தாளை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இது போதாது என்றால் துப்பாக்கியைத் தொடமாட்டேன், உனக்குச் சமைத்துப்போடவாவது வருகிறேன். இன்னொரு உயிரை அப்படி அழுக விட எனக்கும் மனசில்லை மச்சான்.

ஹோய்ட்


லெடோர்
அக்டோபர் 5

மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை விடிவதற்குள் வந்து சேர். நீ ஏறப்போகும் குதிரைக்கு லாடம் அடித்தாயிற்று. ஒரு மிருகத்துக்கு ஒரே குண்டு. சந்தேகமிருந்தால் சுடாதே. அடிபட்டு ஓடினால், கிடைக்கும்வரை தடம் பார்த்து நீதான் முன்னால் நடக்க வேண்டும்.

உன் தாளை வேலிக் கம்பத்தில் செருகிவிட்டு, வைத்து அளக்க மூடி எடுக்க வீட்டுக்குள் போனேன். வருவதற்குள் கோவேறு கழுதை தின்றுவிட்டது.

டெல்பர்ட்