டவுன் ஹாலில் அம்மாவின் முகம்

ஆற்றங்கரை மிஷன்
3 மே 1953

அன்புத் தம்பி செசிலுக்கு,

நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? நீ வரைஞ்ச அம்மா படத்தை டவுன் ஹால்ல மாட்டினது பேப்பர்ல வந்துச்சு. இங்க எல்லாருக்கும் தலைகால் புரியல. அம்மாதான், "என் மூக்கை இவ்வளவு பெருசா போட்டிருக்கானே, படுவா!"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சதும் இருமல் பிடிச்சுக்கிச்சு. அவங்களுக்கு ரொம்ப முடியல தம்பி. உடனே வா.

உன் அக்கா
எஸ்மி


பார்லோ டவுன்
10 மே 1953

அன்பு அக்கா,

நேத்து மிஷனுக்கு வந்தேன். நம்ம பூர்வகுடி ஜனங்களை அடைச்சு வெச்சு மேய்க்கிற அந்த வெள்ளைக்கார மேனேஜர் கேட்லயே மறிச்சுட்டான். "வெள்ளைக்காரன் மாதிரி வாழத்தானே சர்க்கார்கிட்ட விலக்குச் சீட்டு வாங்கின? இனி கறுப்பங்களோட சேரக்கூடாது. உள்ள கால் வெச்சா ஜெயில்"ங்கிறான். அந்தச் சீட்டு இல்லேன்னா டவுன்ல தங்கி வரைய விடமாட்டாங்கன்னுதானே வாங்கித் தொலைச்சேன்! அது இருந்தும் ஹோட்டல்ல பின்வாசல்லதான் சோறு. என் படம் ஹாலுக்குள்ள முன்வாசல் வழியாப் போச்சு, என்னை விடல. வயிறு எரியுதுக்கா. நான் வந்தேன்னு அம்மாகிட்ட சொல்லு.

செசில்


ஆற்றங்கரை மிஷன்
24 மே 1953

தம்பி,

அம்மா போயிட்டாங்கடா. உன்னைக் கேட்டுக்கிட்டே போனாங்க. அடக்கத்துக்காவது உன்னை விடச் சொல்லி மேனேஜர் கால்ல விழுந்தேன். அந்தப் பாவி மனசு இரங்கல.

நம்ம வழக்கப்படி செத்தவங்க பேரைச் சொல்லக்கூடாது, முகத்தையும் பார்க்கக்கூடாதுன்னு அவங்க பேரை யாரும் சொல்றதில்ல. போட்டோவையும் கவுத்து வெச்சாச்சு. ஆனா ஹால்ல அவங்க முகத்தை ஊரே வேடிக்கை பார்க்குதே! அவங்க எப்படிடா நிம்மதியாப் போவாங்க? முதல்ல அதை மூடு. பெரியவங்க எல்லாம் உன்மேல கொதிச்சுப் போயிருக்காங்க.

எஸ்மி


பார்லோ போலீஸ் லாக்கப்
2 ஜூன் 1953

அக்கா,

கெஞ்சிப் பார்த்தேன். ஒரு துணியாவது போட்டு மூடுங்கன்னேன். "காசு கொடுத்து வாங்கியாச்சு. இது ஹாலோட சொத்து, உன் அம்மா இல்ல"ன்னான் அங்கத்த செயலாளர். சாவுக்கு நாம பூசிக்கிற வெள்ளை மண்ணைக் குழைச்சு எடுத்துட்டுப் போனேன். எல்லாரும் பார்க்கப் பார்க்க அந்த முகத்தை மூடிட்டேன். அடிச்சு இழுத்துட்டு வந்தாங்க.

"நீ வரைஞ்சதை நீயே ஏன்பா பாழாக்கின?"ன்னு நீதிபதி கேட்டார். "எங்க அம்மா செத்துட்டாங்க"ன்னேன். கோர்ட்டே சிரிச்சுது.

சீட்டைப் பிடுங்கிட்டாங்க. இனி டவுன்ல எனக்கு இடமில்ல, என் படத்தை எவனும் மாட்டவும் மாட்டான். ஜெயில் முடிஞ்சதும் மிஷன்லயே கொண்டுவந்து தள்ளுவாங்களாம். அதுவும் தண்டனைதானாம்.

அம்மா மூச்சோட இருந்தப்பவே நான் ஏதாவது குத்தம் செஞ்சிருக்கலாமேக்கா. அவங்களைப் பார்த்திருப்பேனே.

செசில்